கம்பியில்லா இறைச்சி வெப்பமானியா, கையில் பிடிக்கும் வெப்பமானியா?

முழுக் கோழி, எலும்போடு கூடிய ஆட்டுத்தொடை, வான்கோழி, பல மணி நேரம் புகையில் வேகும் மாட்டின் நெஞ்சுக்கறி ஆகியவற்றை ஓவனிலோ கிரில் அடுப்பிலோ சமைப்பவருக்கு இறைச்சி வெப்பமானி தேவை என்பதில் இன்று அதிகக் கருத்து வேறுபாடு இல்லை. எந்த வகையை வாங்குவது என்பதில்தான் குழப்பம். கையில் பிடித்துக் குத்தி ஓரிரு நொடிகளில் வெப்பம் பார்க்கும் வகை ஒன்று. ஊசி இறைச்சிக்குள்ளேயே இருக்க, அதிலிருந்து கம்பி வெளியே வந்து ஒரு திரையில் முடியும் வகை மற்றொன்று. கம்பியே இல்லாமல் ஊசியிலிருந்து கைப்பேசிச் செயலிக்கு வெப்பநிலையை அனுப்பும் திறன் வகை மூன்றாவது. மூன்றாவதைத்தான் விளம்பரங்கள் முன்னே நிறுத்துகின்றன. அதன் விலைக்கு அது என்ன தருகிறது, எங்கே கைவிடுகிறது என்பதை மற்ற இரண்டோடு வைத்துப் பார்ப்பதே இங்கு நோக்கம்.

யாருக்கு இது எதுவுமே வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடலாம். குழம்பிலும் பிரியாணியிலும் கறி சிறு துண்டுகளாகக் கொதிநிலையை ஒட்டிய வெப்பத்தில் நெடுநேரம் கிடக்கிறது. வெந்துவிட்டதா என்பதை விரலால் பிய்த்துப் பார்த்தே அறியலாம். பெரிய துண்டை வறண்ட வெப்பத்தில் சுடும்போது நிலைமை வேறு. வெளிப்புறம் பொன்னிறமாகி மணம் பரவிய பிறகும் நடுப்பகுதி பச்சையாக இருக்கக்கூடும். நிறத்தை நம்பவும் முடியாது. இளம் கோழியின் எலும்பை ஒட்டிய சதை முழுமையாக வெந்த பின்பும் சிவந்திருப்பதுண்டு. அரைத்த மாட்டிறைச்சியோ பாதுகாப்பான வெப்பத்தை எட்டும் முன்பே பழுப்பாக மாறிவிடுவதுண்டு.

அமெரிக்க வேளாண் துறையின் அறிவுரைப்படி கோழி, வான்கோழி போன்றவற்றின் உள்வெப்பம் 74 டிகிரியையும், அரைத்த மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி ஆகியவற்றில் 71 டிகிரியையும், முழுத் துண்டு மாடு, ஆடு, பன்றி ஆகியவற்றில் 63 டிகிரியையும் தொட வேண்டும். முழுத் துண்டுகளை அதன் பிறகு 3 நிமிடம் ஆறவிட வேண்டும். (இக்கட்டுரையில் எல்லா அளவுகளும் செல்சியஸ்.) முழுத் துண்டுப் பன்றி இறைச்சிக்கான அளவு 71 டிகிரியிலிருந்து 63 ஆகக் குறைக்கப்பட்டது 2011ஆம் ஆண்டில்தான். பிரிட்டனின் உணவுத் தர முகமை இதையே வேறு விதமாகக் கூறுகிறது. நடுப்பகுதி 70 டிகிரியில் 2 நிமிடம் இருந்தால் போதும். அதற்குச் சமமாக 65 டிகிரியில் 10 நிமிடம், 75 டிகிரியில் 30 நொடி, 80 டிகிரியில் 6 நொடி என்றும் கொள்ளலாம் என்கிறது. கிருமிகளைக் கொல்வது வெப்பநிலை மட்டுமன்று, அந்த வெப்பநிலையில் கழிந்த நேரமும் சேர்ந்துதான் என்பது இதன் பொருள். வெப்பமானிகளை ஒப்பிடும் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் செய்தி இது. கையில் பிடிக்கும் வெப்பமானி ஒரு கணத்தின் நிலையை மட்டுமே காட்டும். இறைச்சிக்குள்ளேயே இருக்கும் ஊசியோ, நடுப்பகுதி 65 டிகிரிக்கு மேல் எவ்வளவு நேரம் நின்றது என்பதையும் வரைபடமாகப் பதிவுசெய்து தரக்கூடும். கோழியின் நெஞ்சுக்கறியை 74 வரை இழுத்து வறட்டியாக்க விரும்பாதவருக்குச் செயலியில் உண்மையாகவே பயன்படும் பகுதி இந்த வரைபடம்தான். கைப்பேசியில் மணி அடிப்பது அதற்கு அடுத்தபடியான வசதி.

கையில் பிடிக்கும் வகையில் பெயர் பெற்றது, இங்கிலாந்தின் வொர்திங் நகரில் இயங்கும் ஈடிஐ நிறுவனம் தயாரிக்கும் தெர்மாபென். அதன் ‘ஒன்’ என்னும் மாதிரி 2021இல் வெளிவந்தது. நுனியில் வெப்ப மின்னிணை (தெர்மோகப்பிள்) என்னும் வேகமான உணரி இருப்பதால் ஏறத்தாழ ஒரு நொடியில் அளவு நிலைபெறுகிறது, துல்லியம் 0.3 டிகிரி அளவுக்கு உண்டு. விலை நூறு அமெரிக்க டாலரை ஒட்டியது. அதில் மூன்றில் ஒரு பங்கு விலைக்கே, மூன்று நான்கு நொடிகளில் அளவு காட்டும் வெப்பத்தடையி (தெர்மிஸ்டர்) உணரி கொண்ட வகைகள் கிடைக்கின்றன. ஊசியின் நுனி மெல்லியதாக இருப்பதால் அரை அங்குலக் கனமுள்ள துண்டையும் பக்கவாட்டில் குத்திப் பார்க்கலாம். இந்த வகையின் பெரும் பலம், ஒரே துண்டில் பல இடங்களைப் பார்க்க முடிவது. ஊசியை நடுப்பகுதியைக் கடந்து ஆழமாகச் செலுத்திவிட்டு மெல்ல வெளியே இழுத்தால் எண்கள் முதலில் இறங்கிப் பின்னர் ஏறும். மிகக் குறைந்த எண் தோன்றும் இடமே துண்டின் உண்மையான நடு. எலும்பை ஒட்டிய இடம், தொடை இடுக்கு, நெஞ்சின் தடித்த பகுதி என்று ஒவ்வொன்றையும் அரை நிமிடத்துக்குள் பார்த்துவிடலாம். குறை என்னவென்றால், பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அது தானாகச் சொல்லாது. ஓவன் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளிருக்கும் வெப்பக்காற்று வெளியேறுகிறது. திறந்து பார்த்துக்கொண்டே இருப்பவரின் சமையல் நீண்டுகொண்டே போகும்.

கம்பியுள்ள வகையைப் பலர் பழைய சரக்கு என்று ஒதுக்குகிறார்கள். அது அவ்வளவு நியாயமில்லை. ஊசி இறைச்சிக்குள் இருக்க, உலோகப் பின்னல் போர்த்திய மெல்லிய கம்பி ஓவன் கதவின் விளிம்பு வழியாக வெளியே வந்து, காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் ஒரு சிறு திரையை அடைகிறது. மின்னணுப் பாகங்கள் அனைத்தும் வெப்பத்துக்கு வெளியே இருப்பதால் உள்ளே ஊசிக்கும் கம்பிக்கும் மட்டும் தாங்குதிறன் இருந்தால் போதும். இன்க்பேர்ட், ஃபயர்போர்டு போன்ற நிறுவனங்களின் கருவிகளில் இதே கம்பி ஊசிகள் புளூடூத் வழியாகவோ வைஃபை வழியாகவோ செயலியோடும் இணைகின்றன. நான்கு, ஆறு ஊசிகளைக்கூட ஒரே கருவியில் மாட்டலாம். சமிக்ஞை அனுப்பும் பெட்டி அடுப்புக்கு வெளியே திறந்த வெளியில் இருப்பதால் இணைப்பு எளிதில் அறுவதில்லை. செயலியின் வசதி வேண்டும், ஆனால் தொல்லை வேண்டாம் என்பவருக்கு இந்த இடைவகையே பொருத்தமானது என்பது என் கணிப்பு. ஊசியும் கம்பியும் சேரும் இடத்தில் நீர் புகுந்தால் அளவு தாறுமாறாகிவிடும் என்பதால் அதைத் தண்ணீரில் ஊறப்போடக் கூடாது. அப்படியே கெட்டாலும் ஊசியை மட்டும் குறைந்த விலைக்கு மாற்றிக்கொள்ளலாம். இறைச்சியைக் கோலில் கோத்துச் சுழல விட்டுச் சுடுபவர்களுக்கு மட்டும் இது அறவே உதவாது. கம்பி கோலைச் சுற்றிக்கொள்ளும். அடிக்கடி புரட்டிப் போடும் கிரில் சமையலிலும் கம்பி இடைஞ்சல்தான்.

இனிக் கம்பியில்லா ஊசி. இந்த வகையைப் பரவலாக்கியது மீட்டர் (Meater) என்னும் கருவி. ஆப்ஷன் லேப்ஸ் என்ற நிறுவனம் 2015இல் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் மக்களிடம் முன்பணம் திரட்டி இதைத் தொடங்கியது. 2021இல் அந்நிறுவனத்தைக் கிரில் அடுப்புகள் தயாரிக்கும் டிரேகர் வாங்கிக்கொண்டது. முதல் தலைமுறை ஊசியில் இரண்டு உணரிகள் இருந்தன. நுனியில் உள்ளது இறைச்சியின் உள்வெப்பத்தை 100 டிகிரி வரையும், மறுமுனையில் உள்ளது அடுப்பின் வெப்பத்தை 275 டிகிரி வரையும் அளந்தது. பின்னர் வந்த மாதிரிகளில் உள்வெப்பத்துக்கு ஐந்து உணரிகள் வைக்கப்பட்டு, தாங்கும் அளவுகள் உள்ளே 105 டிகிரி, வெளியே 500 டிகிரி என உயர்ந்துள்ளன.

இந்த எண்களில் உள்ள ஏற்றத்தாழ்வைக் கூர்ந்து பார்த்தால் கருவியின் இயல்பே புலப்படும். மின்கலமும் மின்சுற்றும் ஊசியின் நுனிப்பக்கத் தண்டுக்குள் இருக்கின்றன. ஓவனின் 200 டிகிரி வெப்பத்தை அவை தாங்கமாட்டா. ஆனால் ஈரம் நிறைந்த இறைச்சியின் உட்புறம் நீரின் கொதிநிலையைத் தாண்டாது என்பதால், இறைச்சிக்குள் புதைந்திருக்கும் வரை அவை பிழைத்திருக்கும். அதாவது, இறைச்சிதான் இந்தக் கருவியைக் காக்கும் கவசம். ஊசியில் கோடு கிழித்து அதுவரை உள்ளே செலுத்த வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் வலியுறுத்துவது இதனால்தான். ஆகவே ஒல்லியான மீன் துண்டு, கோழிக்கால், கபாப், இரண்டு சென்டிமீட்டர் கனமுள்ள ஸ்டேக் ஆகியவற்றில் இதை வைக்க இடமே இருக்காது. பிரஷர் குக்கருக்கும் மைக்ரோவேவ் அடுப்புக்கும் இது ஆகாது. எண்ணெயில் முழுதாகப் பொரிக்கும் வான்கோழிக்கும் பல மாதிரிகள் ஆகா. தந்தூர் அடுப்பில் விடுவதையும் நினைத்துப் பார்க்க வேண்டாம். அதன் சுவர் வெப்பம் பெரும்பாலான ஊசிகளின் எல்லையை எளிதில் எட்டிவிடும்.

அடுத்தது இணைப்பு. பெரும்பாலான கருவிகள் புளூடூத்தின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளைப் பயன்படுத்துகின்றன. இந்த அலைகள் திறந்த வெளியில் தாராளமாகச் செல்லும். நீர் அவற்றை உறிஞ்சும், உலோகம் அவற்றைத் தடுக்கும். நீர் நிறைந்த இறைச்சிக்குள் புதைத்து, எஃகுப் பெட்டிக்குள் வைத்து மூடப்படும் ஒரு கருவிக்கு இதைவிடப் பாதகமான சூழலைக் கற்பனை செய்வது கடினம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பீங்கான் முனையில்தான் அலைவாங்கி இருக்கிறது. ஓவனின் கண்ணாடிக் கதவு வழியாகவும் கிரில் மூடியின் இடுக்குகள் வழியாகவும் கசிவதே கைப்பேசியை எட்டுகிறது. மேலே சொன்ன Meater கருவியின் முதல் மாதிரிக்கு 10 மீட்டர் தொலைவு என்றும், மின்னேற்றும் மரப்பெட்டியே சமிக்ஞையை வாங்கி மீண்டும் அனுப்பும் ‘பிளஸ்’ மாதிரிக்கு 50 மீட்டர் என்றும் சொல்லப்பட்டவை தடையற்ற வெளிக்கான அளவுகள். கொல்லைப்புறத்தில் கிரில்லை மூடிவிட்டு இரண்டு செங்கல் சுவர்களுக்கு அப்பால் வரவேற்பறையில் அமர்ந்தால் அந்த எண்ணை மறந்துவிட வேண்டியதுதான். மின்னேற்றும் பெட்டியை அடுப்புக்கு அருகில், வெப்பம் படாத இடத்தில் வைத்து, அதில் வசதி இருந்தால் வைஃபையோடு இணைப்பதே நடைமுறைத் தீர்வு.

இந்தக் குறையைப் போக்க இரு நிறுவனங்கள் வெவ்வேறு வழிகளில் முயன்றுள்ளன. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த தெர்மோவொர்க்ஸ், 2024இல் வெளியிட்ட ஆர்எஃப்எக்ஸ் ஊசிகளில் புளூடூத்தைக் கைவிட்டு, ஒரு கிகாஹெர்ட்ஸுக்கும் குறைந்த அலைவரிசையைத் தேர்ந்துகொண்டது. அலைநீளம் கூடும்போது நீரும் சுவர்களும் அலையை உறிஞ்சுவது குறையும் என்பதே அதன் அடிப்படை. கம்பஸ்சன் என்ற நிறுவனமோ ஊசியின் நெடுகிலும் எட்டு உணரிகளைப் பொருத்தி, அவற்றுள் மிகக் குறைந்த அளவைக் காட்டும் இடத்தையே நடுவாகக் கொள்கிறது. கைப்பேசி இல்லாமலேயே வெப்பநிலையைப் பார்ப்பதற்கு ஒரு தனித் திரையையும் அது விற்கிறது. ஊசியைச் சரியான நடுவில் குத்துவது பழகியவருக்கே சில நேரம் தவறும் காரியம் என்பதால், கம்பியில்லா வகையில் நிகழ்ந்த முன்னேற்றங்களுள் நான் மிகவும் மதிப்பது இந்தப் பல உணரி முறையைத்தான். ஒற்றை உணரி ஊசி ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் போனாலும் ஆட்டுத்தொடையில் பல டிகிரி வேறுபாட்டைக் காட்டக்கூடும்.

ஊசியின் வெளிமுனை காட்டும் அடுப்பு வெப்பத்தைச் சற்று ஐயத்தோடு பார்க்க வேண்டும். அந்த உணரி இறைச்சியின் மேற்பரப்பிலிருந்து சில சென்டிமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. சமையலின் முதல் கட்டத்தில் குளிர்ந்த இறைச்சியும் அதிலிருந்து ஆவியாகும் ஈரமும் சுற்றியுள்ள காற்றைக் குளிர்விப்பதால், ஓவன் 180 டிகிரியில் இருந்தாலும் செயலி அதைவிட வெகுவாகக் குறைத்துக் காட்டும். அதைப் பார்த்து அடுப்பைக் கூட்டிவைப்பவர் வெளிப்புறத்தைக் கருக்கிவிடுவார்.

எத்தனை மணிக்குத் தயாராகும் என்று செயலி கணித்துச் சொல்வதுதான் வாங்குவோரைக் கவரும் வசதிகளில் முதன்மையானது. நிலையான வெப்பமுள்ள ஓவனில் வேகும் ஆட்டுத்தொடைக்கோ கோழிக்கோ இந்தக் கணிப்பு, பாதிச் சமையலுக்குப் பிறகு ஓரளவு நம்பத்தக்கதாகிறது. புகையில் வேகும் மாட்டு நெஞ்சுக்கறியில் நிலைமை அப்படியில்லை. உள்வெப்பம் 65 முதல் 75 டிகிரிக்குள் எங்கோ ஓரிடத்தில் பல மணி நேரம் அசையாமல் நின்றுவிடும். கொழுப்பு உருகுவதால் அப்படி ஆகிறது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. இயற்பியலாளர் கிரெக் பிளாண்டர், நீரில் ஊறிய பஞ்சையும் கொழுப்புக் கட்டியையும் புகையடுப்பில் வைத்துப் பார்த்தார். பஞ்சின் வெப்பம் அதேபோலத் தேங்கி நின்றது, கொழுப்பினுடையது நிற்காமல் ஏறியது. மேற்பரப்பின் ஈரம் ஆவியாகும்போது அது எடுத்துக்கொள்ளும் வெப்பமே தேக்கத்துக்குக் காரணம் என்பது இதனால் தெளிவாயிற்று. ஈரப்பதம், காற்றோட்டம், இறைச்சியைத் தாளில் சுற்றும் நேரம் ஆகிய எதையும் முழுமையாக அறியாத செயலி, தேக்கம் எப்போது விடும் என்பதை உறுதியாகச் சொல்ல முடியாது. நெஞ்சுக்கறிக்கு விருந்தினரை ஏழு மணிக்கு அழைத்திருப்பவர், செயலி என்ன சொன்னாலும் இரண்டு மணி நேரத்தைக் கூடுதலாக ஒதுக்கிக்கொள்வது நல்லது. முன்னதாக வெந்துவிட்டால் சுற்றி வைத்துச் சூட்டோடு காக்கலாம். பிந்தினால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் பெரிய துண்டின் உள்வெப்பம் சில டிகிரி ஏறும் என்பதைச் செயலிகள் பெரும்பாலும் கணக்கில் கொண்டு, இலக்குக்கு முன்பே இறக்கச் சொல்கின்றன. ஆறும் நேரத்திலும் ஊசி உள்ளேயே இருப்பதால் உச்ச வெப்பம் எதுவென்று கண்கூடாகத் தெரிகிறது. கம்பியுள்ள வகையும் இதைச் செய்யும் என்றாலும், தட்டோடு மேசைக்கு எடுத்துச் செல்லும்போது கம்பியில்லாமல் இருப்பது உண்மையிலேயே வசதிதான்.

வான்கோழியில் வேறொரு சிக்கல் உண்டு. நெஞ்சுக்கறி 74 டிகிரியைத் தாண்டினால் உலரத் தொடங்கும். தொடையோ 80ஐக் கடந்தால்தான் மென்மையாகும். நெஞ்சில் வைத்த ஒற்றை ஊசி தொடையைப் பற்றி எதுவும் அறியாது. இரண்டு ஊசிகள் வாங்கினால் செலவு இரட்டிக்கும். நெஞ்சில் ஒரு ஊசி, தொடைக்குக் கைவெப்பமானி என்று வைத்துக்கொண்டால் அதே வேலை குறைந்த செலவில் முடியும்.

செயலியை நம்பி வாங்கும் எந்தச் சமையற் கருவிக்கும் உள்ள இன்னொரு கேள்வி, அதன் ஆயுள். வெந்நீரில் மூழ்க வைத்து இறைச்சியைப் பதமாக்கும் அனோவா கருவிகளின் பழைய மாதிரிகளுக்குச் செயலி இணைப்பை 2025 செப்டம்பருடன் நிறுத்துவதாக அந்நிறுவனம் அறிவித்தது. புதிதாகச் சேர்பவர்களிடம் செயலிக்குச் சந்தா பெறும் முறையையும் அது 2024இலேயே கொண்டுவந்திருந்தது. அந்தக் கருவியில் பொத்தான்கள் இருந்ததால் கையாலாவது இயக்க முடிந்தது. பொத்தானோ திரையோ இல்லாத கம்பியில்லா ஊசிக்கு அப்படியொரு வழி இல்லை. எனவே வாங்கும் முன், தனித் திரை உண்டா, கணக்குத் தொடங்காமலும் இணையம் இல்லாமலும் புளூடூத் வழியே நேராக வேலை செய்யுமா என்ற இரண்டையும் கேட்டறிவது அவசியம். ஊசிக்குள் அடைக்கப்பட்ட சிறு மின்கலத்தை வீட்டில் மாற்ற முடியாது என்பதையும் விலையோடு சேர்த்து எண்ண வேண்டும். கைவெப்பமானிக்கோ கடையில் வாங்கும் மின்கலம் ஒன்றே போதும்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால், வெப்பமானியே இல்லாத வீட்டுக்கு முதலில் வர வேண்டியது கைவெப்பமானிதான். ஸ்டேக், கோழித் துண்டுகள், மீன், கட்லெட் என்று அன்றாடம் சமைப்பவற்றில் பெரும்பங்குக்கு மற்ற இரண்டும் பொருந்தாது. மாதம் ஒருமுறை முழுக் கோழியையோ ஆட்டுத்தொடையையோ ஓவனில் சுடுபவருக்குத் திரையும் அலாரமும் உள்ள எளிய கம்பி வெப்பமானியைச் சேர்த்துக்கொண்டால் போதுமானது. செயலி இல்லாதது ஒரு குறையாகத் தோன்றாது. சுழல்கோலில் சுடுபவர், அடிக்கடி பெரிய துண்டுகளை வெளிப்புறக் கிரில்லில் புரட்டிப் புரட்டிச் சமைப்பவர், ஆறு பத்து மணி நேரச் சமையலின்போது வீட்டின் மற்ற வேலைகளைப் பார்க்க வேண்டியவர் ஆகியோருக்குக் கம்பியில்லா ஊசி தன் விலையை நியாயப்படுத்தும். அவர்களும் பல உணரிகள் கொண்ட, தனித் திரையோ வைஃபை இணைப்போ உள்ள மாதிரியையே நாட வேண்டும். மலிவான ஒற்றை உணரி ஊசியைப் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை.

எதை வாங்கினாலும் முதல் சமையலுக்கு முன் சோதித்துக்கொள்வது எளிது. ஒரு குவளை நிறைய நொறுக்கிய பனிக்கட்டியை இட்டு, இடைவெளி நிரம்பும் அளவு மட்டும் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, சில நிமிடங்கள் கழித்து ஊசியை நடுவில் பிடித்தால் 0 டிகிரி காட்ட வேண்டும். கம்பியில்லா ஊசியை அதன் கோடு வரை மூழ்க வைக்க வேண்டும். கொதிநீரிலும் பார்க்கலாம், ஆனால் கடல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் கொதிநிலை ஏறத்தாழ ஒரு டிகிரி குறையும் என்பதால் மலைப்பகுதிகளில் அதை நம்பிக் கருவியைக் குறை சொல்லக் கூடாது. ஏற்கெனவே கம்பியில்லா ஊசி வைத்திருப்பவர் அதைச் சரிபார்க்கக் கைவெப்பமானி ஒன்றைத் தேடினால், விலையுயர்ந்த ஒரு நொடி மாதிரி வேண்டியதில்லை. இறக்கும் நேரத்தில் இரண்டு மூன்று இடங்களில் குத்திப் பார்ப்பதற்கு நான்கு நொடி எடுக்கும் மலிவான வகையே தாராளம்.